நன்னடத்தைக்கு ஒரு சாட்சி

ஜெபசீலன் வாத்தியாருக்கு அன்றைக்குப் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். கொச்சிக் கம்பெனியின் விண்ணப்பப் பாரத்தில் பெயர், ஊர், தபாலாபீஸ் எல்லாவற்றையும் மணிமணியாக எழுதினார். ‘தங்கள் நன்னடத்தைக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒருவர்’ என்று கேட்டிருந்த கடைசி வரியில் தன் சபைப் போதகரின் பெயரை எழுதினார். உறையை ஒட்டி மார்த்தாண்டம் தபாலாபீசில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். பாரம் எதற்கு என்று கேட்கிறீர்களா? மாதம் ஒரு புட்டி ஒயின் வீட்டுக்கே வந்து சேருகிற சங்கத்தில் உறுப்பினர் ஆவதற்கு!

மிஷன் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர்களின் கை அப்படிப் பழகிய கை. போர்டிங்கில் சேர, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க, வாத்தியார் பயிற்சிக்குப் போக, எந்தப் பாரமானாலும் கடைசி வரியில் போதகர் பெயர்தான். கை தானாக எழுதிவிட்டது. இரண்டு நாள் கழித்து, மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று பிள்ளைகள் கத்த, வாத்தியார் பிரம்பைக் கீழே போட்டார்.

ஆசைப்பட்டுக் குடிக்கிற ஆளா அவர்? சேச்சே. மனைவி ஞானசெல்விக்கு மூன்றாவது பிரசவம் ஆகி நாற்பது நாளாகியும் பாயைவிட்டு எழும்ப முடியவில்லை. உதடுகூட வெளுத்துப்போய், பிள்ளையை மடியில் வைத்தால் கை நடுங்கியது. தக்கலை டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு வாத்தியாரை வெளியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்.

“தெனமும் ஒரு அவுன்ஸ் போர்ட் ஒயின் குடும். உடம்பு தேறும். இப்பிடியே விட்டீரானா அடுத்த மழைய இவ காணமாட்டா.”

நாகர்கோவிலில் அதை விற்கிற கடை உண்டு. ஆனால் அந்தப் படியில் கால் வைத்தால் அவர் வீடு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்துவிடும். ஏனென்றால் சபையின் மதுவிலக்குச் சங்கத்துக்குச் செக்ரட்டரி யார்? சாட்சாத் ஜெபசீலன்தான். சனிக்கிழமைதோறும் பனைவிளைகளுக்குப் போய், இறக்கி வைத்த கலயங்களுக்குள் விரல்விட்டுச் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் இறக்கியவன் பெயர் சபைப் புத்தகத்தில் வெட்டப்படும். பிறகு அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, அவனுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது. வாத்தியாருக்கோ வேலை போகும், மிஷன் கொடுத்த வீடும் போகும். கைக்குழந்தையோடும் எழும்ப முடியாத மனைவியோடும் எங்கே போவது? ‘பெயர் எழுதாத மரப்பெட்டியில் வைத்து வாசலுக்கே அனுப்புகிறோம்’ என்று பேப்பரில் கண்ட விளம்பரத்தில் அவர் விழுந்தது இதனால்தான்.

மணியடித்ததும் தபால்காரர் சுயம்புலிங்கத்தைத் தேடி ஓடினார். ஆலமரத்து மூட்டில் வைத்து ஆளைப் பிடித்தார்.

“அண்ணாச்சி, போதகருக்குக் கொச்சியில இருந்து கடிதம் வந்தா எனக்கிட்ட தாரும். நான் குடுத்துக்கிடுதேன்.”

“ஓய் வாத்தியார் சாறே, அவருக்குள்ளத உமக்குத் தந்தா எனக்க தொப்பி போவும்லா?” என்று சிரித்தார் சுயம்புலிங்கம். “வந்தா பாத்துக்கிடலாம், போவும்.”

அதற்குப் பிறகு தினமும் ஆலமூட்டில் காவல். வெள்ளிக்கிழமை வாத்தியாருக்குப் பள்ளி பரிசோதனை. சுயம்புலிங்கம் வந்துபோன நேரத்தில் அவர் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் கேட்டால், “அந்தக் கொச்சிக் கடிதாசா? இன்னைக்கு வந்தது, போதகருக்க கையிலயே குடுத்தாச்சு” என்றார் மனுஷன், பெரிய உபகாரம் செய்த மாதிரி.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. அதுவே எமனாகவும் இருந்தது. போதகருக்கு இங்கிலீஷ் வராது. அவர் பெயருக்கு வருகிற இங்கிலீஷ் கடிதங்களை உடைக்காமல் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கமிட்டி கூடும்போது எல்லாருக்கும் முன்னால் உடைப்பார். எழுந்து நின்று அதை வாசித்து அர்த்தம் சொல்கிறவர் ஜெபசீலன் வாத்தியார்.

சனிக்கிழமை ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஞானசெல்வி பாயில் கிடந்தபடியே கேட்டாள்: “என்னத்துக்கு இப்பிடி முழிக்கிய? அந்த மருந்துப் பெட்டி எப்பம் வரும்?”

“வரும்” என்றார். வேறென்ன சொல்வார்?

மறுநாள் கமிட்டியில் எட்டுப் பேர். போதகர் உறையைக் கிழித்து, கடிதத்தை மேசைக்கு இந்தப் பக்கம் நீட்டினார். வாத்தியாருக்கு எதிரே கொப்பரை வியாபாரி டைட்டஸ் உட்கார்ந்திருந்தார். சபையில் மூத்தவர், கறார் பேர்வழி. கொப்பரை வியாபாரத்துக்காகக் கொச்சிக்குப் போய்வந்து இங்கிலீஷில் பத்துப் பதினைந்து சொல் தெரிந்து வைத்திருந்தார். அதில் ஒயின் இல்லாமலா இருக்கும்?

‘தங்கள் சபையைச் சேர்ந்த ஜெபசீலன் என்பவர் எங்கள் ஒயின் சங்கத்தில் சேர விரும்புகிறார். தங்கள் பெயரைச் சாட்சியாகத் தந்திருக்கிறார். அவர் நாணயமானவர்தானா என்று தெரிவித்தால் முதல் புட்டியை அனுப்பிவைப்போம்.’ இவ்வளவுதான் கடிதம். வாத்தியார் இங்கிலீஷை வாசித்தார். அந்தச் சொல் வந்த இடத்தை இருமலால் கடந்தார்.

“என்னவாம்?” என்றார் டைட்டஸ்.

“கொச்சியில ஒரு கம்பெனி. நான் கொஞ்சம் புஸ்தகம் கேட்டு எழுதியிருந்தேன். அனுப்புறதுக்கு முந்தி, ஆளு எப்பிடிண்ணு ஐயாவுக்கிட்ட கேக்கியாவ.”

போதகருக்கு முகம் மலர்ந்தது. “இதுக்கென்ன? எழுதும் சாறே. பதினோரு வருஷமா ஆள எனக்குத் தெரியும், வாயில ஒரு பொய் வந்ததில்லண்ணு எழுதும். நான் ஒப்பு வைக்கேன்.”

தன் கையாலேயே அதை இங்கிலீஷில் எழுதினார் ஜெபசீலன். போதகர் கையெழுத்துப் போட்டு ஊதிக் காயவைத்தார். அப்பாடா, ஞானசெல்வி பிழைத்தாள், வீடும் பிழைத்தது என்று வாத்தியார் உட்கார்ந்தார்.

“அடுத்தது செல்வதாசுக்க காரியம்” என்றார் போதகர்.

வாசலில் நின்ற செல்வதாஸ் தோர்த்துத் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தான். பனையேறி. மார்பில் பனை உரசிய காய்ப்பு கறுத்துக் கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு கலயத்தில் அவன் சுண்ணாம்பு தடவவில்லை என்று குறித்து வைத்தவர் செக்ரட்டரிதான். அடுத்த ஞாயிறு அவன் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தது.

“உள்ளதுதானா?” என்று கேட்டார் போதகர்.

“உள்ளதுதான் ஐயா. எனக்க வீட்டுக்காரி பேறு கழிஞ்சு எழும்ப வய்யாமக் கெடந்தா. தெனமும் ஒரு செறட்ட கள்ளு குடுத்தேன். இப்பம் எழும்பி நடக்கா.”

“செக்ரட்டரி சாறு கலயத்தப் பாத்தப்பம் பிடிச்சாரு, அப்பிடித்தானே?” என்றார் டைட்டஸ்.

“இல்ல. அந்தக் கலயம் அப்பம் மேல பனையிலயாக்கும் இருந்தது. கீழ இருந்ததுல எல்லாம் சுண்ணாம்பு உண்டு. எல்லாத்துலயும் உண்டாண்ணு சாறு கேட்டாரு. ஒண்ணுல இல்லண்ணு சொன்னேன்.”

“உண்டுண்ணு சொல்லியிருந்தா ஆருக்குடே தெரியும்?” என்று ஒருவர் சிரித்தே விட்டார்.

செல்வதாஸ் சிரிக்கவில்லை. “கேட்டா சொல்லாண்டாமா?” என்றான்.

டைட்டஸ் சபைப் புத்தகத்தைத் திறந்து வாத்தியார் பக்கம் தள்ளினார். சட்டம் சட்டம்தான், பெயரை வெட்டும் என்றார். ஜெபசீலன் பேனாவை எடுத்தார். பொய் சொல்லாதவர் என்று தன்னைப் பற்றித் தானே எழுதின மை நிப்பில் காயாமல் இருந்தது. அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஞானசெல்வியின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அவளை நினைத்து ஒரு நிமிஷம் பேனாவைப் புத்தகத்தில் வைக்கவும் செய்தார். கை ஓடவில்லை.

“ஐயா, அந்தக் கடிதத்த நான் சரியா வாசிக்கல்ல” என்று எழுந்து நின்றார். இந்தத் தடவை இருமாமல், ஒரு சொல் விடாமல் வாசித்து அர்த்தம் சொன்னார். ஞானசெல்வியின் உடம்பைப் பற்றியும் டாக்டர் சொன்னதைப் பற்றியும் சொன்னார். கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

டைட்டஸ் மேசையில் அடித்தார். “கொள்ளாம், நல்லாருக்கு! செக்ரட்டரிக்கு மாசாமாசம் ஒயினா? அதுக்கு எங்களக்கொண்டே சாட்சியா?”

போதகர் தான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. “சாறே, எனக்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே” என்றார். “சொல்லியிருந்தா என்ன செய்திருப்பிய ஐயா?” என்று ஜெபசீலன் கேட்டதற்கு, போதகர் கிழித்த துண்டுகளை மேசையில் அடுக்கத் தொடங்கினார்.

அன்றைக்குப் புத்தகத்தில் இரண்டு பெயர் வெட்டப்பட்டது. இரண்டையும் வெட்டினது ஜெபசீலன்தான். அந்தப் புத்தகத்தில் அவர் எழுதின கடைசி எழுத்து அது. மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. எந்தப் பக்கம் நடப்பது என்று தெரியாமல் கோயில் முற்றத்தில் நின்றவரிடம் செல்வதாஸ் வந்தான். தலையைச் சொறிந்துகொண்டு மெதுவாகக் கேட்டான்.

“சாறே, அந்தக் கொச்சிக்காரன் இனி அனுப்புவானா?”

“மாட்டான்.”

“போவட்டு. நாளைக்கு விடியக்காலம் வெளுப்புக்கு நான் கொண்டு வாறேன். ஒரு கலயம் சுண்ணாம்பு தடவாமத் தனியா கெட்டுதேன். உங்க வீட்டு அம்மைக்கு ஒரு மாசம் குடுத்துப் பாருங்க, எனக்க வீட்டுக்காரி எழும்பல்லியா?” என்றவன் சற்றுத் தயங்கினான். “எந்த வீட்டுக்குக் கொண்டு வரணும்ணு மட்டும் சொல்லுங்க.”

ஜெபசீலன் மிஷன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். செல்வதாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு தோர்த்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

“அப்பம் பிள்ளையளயும் கூட்டிக்கிட்டு எனக்க வீட்டுக்கே வந்திருங்க. எனக்குச் சொமந்துக்கிட்டு நடக்கியது மிச்சம்.”