மாளிகைக்காரியின் கவுன்

நாடகத்தில் மூழ்கிச் செத்த மறுநாள் மத்தியானம், மாளிகைக்காரி உடுப்பறைக்கு வந்து, கவுனின் ஓரம் பிரிந்துவிட்டது, தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். வந்தது நடிகை அல்ல. நடிகை அந்நேரம் தன் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். வந்தவள் நாவலில் வருகிறவள். அந்தப் பழைய பேய் மாளிகை நாவல் ஊரில் நாலெழுத்துப் படித்த எல்லோருக்கும் தெரியும்: மலைமேல் ஒரு வீடு, அதில் புதிதாக வாழவந்த பெண், சுவருக்குள் கேட்கும் முனகல், கடைசி அத்தியாயத்தில் நிலவறைக்குள் ஏறும் வெள்ளம். அவள் சாவியோடு ஓடுகிறாள். இருட்டில் சாவி கைநழுவித் தண்ணீரில் விழுகிறது. பூட்டிய கதவில் சாய்ந்தபடி மூழ்கிப்போகிறாள். உடுப்பறையில் நாடக உடைகள் தைக்கிற தையல்காரம்மா அதை வாசித்ததில்லை. தரை ஈரமாவதைப் பார்த்துத் துண்டை எடுத்துக் கொடுத்தார், ஊசியைத் தேடினார். நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காமல் அவர் தடுமாறியபோது, மாளிகைக்காரியே ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

நன்றாக ஓடுகிற கதையை யாரும் சும்மா விடுவதில்லை. அடுத்து வானொலிக்காரர்கள் எடுத்தார்கள். துணி சரசரக்கும் சத்தம் வேண்டுமென்று கவுனோடு தையல்காரம்மாவையும் ஒலிவாங்கி முன் உட்காரவைத்தார்கள். அந்தமுறை மாளிகைக்காரிக்கு உடம்பு வரவில்லை, வெறும் குரல் வந்து, "அக்கா, இருக்கீங்களா?" என்றது. தையல்காரம்மா குரல் எங்கே நிற்கிறது என்று கேட்டுக் கேட்டு, அதன்மேல் துணியை வைத்து ஊசி குத்தினார். பிறகு சினிமா. அதில் சாம்பல் நிறத்தில் வந்தாள். வாய் அசைந்து முடிந்த பிறகுதான் பேச்சு கேட்டது. வாரப் பத்திரிகை அதைப் படக்கதையாகப் போட்டபோது தாள்போலத் தட்டையாகிக் கதவிடுக்கு வழியே நுழைந்தாள். உட்கார முடியாததால் சுவரில் சாய்த்து வைக்க வேண்டியிருந்தது. பேசியதெல்லாம் தலைக்குமேல் எழுத்தாகத் தொங்கியது. சாயங்காலம் வேலை முடிந்து வந்த மகள் ஸ்டூல் போட்டு ஏறி அதையெல்லாம் துடைத்தாள். தையல்காரம்மாவின் மகள் பஸ் ஓட்டுகிறவள், எதற்கும் அசரமாட்டாள். "சித்தி, கொஞ்சம் குறைச்சுப் பேசுங்களேன்" என்றாள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் அவள் நனைந்துதான் வந்தாள். தைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு முடிகிறவரை இருப்பாள். தையல்காரம்மா காய்ச்சலில் படுத்த வருடம், ஒரு முழு நாடகக் குழுவின் சட்டைக் கைகளையெல்லாம் அவளே மூட்டி வைத்தாள். ஒன்றுகூடக் கோணவில்லை. புருஷன் போன பிறகு அந்த உடுப்பறையில் தன்னிடம் உட்கார்ந்து பேச ஆள் கிடைத்தது இவளால்தான் என்று தையல்காரம்மா வாய்விட்டே சொல்வார். அந்த நன்றியில்தான் ஒருநாள் கேட்டார்.

"ஏம்மா, எத்தனை தடவைதான் இப்படிச் சாவே? வலிக்காதா?"

"வலி பழகிடுச்சுக்கா. சாவி விழப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே ஓடுறேன் பாருங்க, அதுதான் தாங்கலை."

அன்றிலிருந்து தையல்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நாவலை எழுதிவைத்துப் போனவர் எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டார், யாரிடம் போய் முறையிடுவது?

பிறகு தொலைக்காட்சி வந்தது. அந்தக் காலத்தில் தொலைக்காட்சி நாடகம் நேரலை. நடிப்பதும் ஒளிபரப்பாவதும் ஒரே நேரம். புதிய கவுன் கேட்டார்கள். தையல்காரம்மாவின் மேசையில் மகளுடைய சீருடையும் கிடந்தது. மகள் வீட்டுச் சாவியைத் தொலைப்பதில் சமர்த்து. அதனால் அவள் போடுகிற எதுவானாலும் பக்கத் தையலில் ஆழமாக ஒரு பை வைப்பது அம்மாவின் வழக்கம். கை பாட்டுக்கு வேலை செய்ய, நினைப்பு எங்கோ இருக்க, பை கவுனில் ஏறிவிட்டது. ஒத்திகையில் இயக்குநர் கண்டுபிடித்தார். அவர் கெட்டவரல்ல, நாவலை உயிராக நேசிப்பவர். "அம்மா, அந்தக் காலத்துக் கவுன்ல பை கிடையாது. பிரிச்சிடுங்க" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

தையல்காரம்மா பிரிப்பூசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தையலில் முனையை வைத்தவர் கையை அப்படியே நிறுத்திவிட்டார். இத்தனை வருடத்தில் இவளுக்குச் சாவி வைக்க ஓர் இடம் கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லையே என்று இருந்தது. தனக்கும்தான் தோன்றவில்லை. பையின் வாயை மடிப்புக்குள் மறைத்துவிட்டுப் போய், "பிரிச்சாச்சு சார்" என்று பச்சையாகப் பொய் சொன்னார்.

ஒளிபரப்பு அன்று ஊரே பெட்டி முன்னால் இருந்தது. நிலவறையில் தண்ணீர் ஏறியது. நடிகை ஓடிவந்தாள். சாவி நழுவ வேண்டிய இடத்தில் அவள் கை தானாகக் கவுனின் மடிப்புக்குள் போய் வந்தது. கதவை அடைந்தாள், சாவியை எடுத்தாள், திறந்தாள். அரங்கத்தில் அந்தக் கதவுக்குப் பின்னால் வெறும் செங்கல் சுவர்தான். திறந்தபோது அங்கே காலை வெயிலும் கீழே இறங்குகிற பாதையும் இருந்தன. கவுன் மட்டும் நடிகையை விட்டுக் கழன்று அந்தப் பாதையில் நடந்து போனது. நடிகை உள்பாவாடையோடு நின்றாள். படப்பிடிப்பாளர் நிதானமாகப் படத்தை இருட்டாக்கினார். இயக்குநர் தலையைப் பிய்த்துக்கொண்டார், பிறகு உட்கார்ந்து அழுதார், பிறகு தையல்காரம்மாவிடம் வந்து கும்பிட்டார்.

மறுநாள் மத்தியானம் தையல்காரம்மா துண்டும் நாற்காலியும் எடுத்துப் போட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். ஆனாலும் பொழுது போகவில்லை. அந்த வாரம் நூலகத்துப் பிரதிகள் எல்லாவற்றிலும் நாவல் எட்டு அத்தியாயம் நீண்டிருந்தது. அலமாரியில் இடம் போதவில்லை என்பது தவிர நூலகர் புகார் எதுவும் சொல்லவில்லை. தையல்காரம்மா யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நன்றாக இருந்தால் சரி என்றார்.

ஒரு வருடத்துக்கும் மேல் போயிருக்கும். ஒரு மத்தியானம் தெருவழியாக, செருப்புச் சத்தத்தோடு, கையில் துணிப்பொட்டலத்தோடு ஒரு பெண் வந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தரை நனையவில்லை. மலையிலிருந்து இறங்கி வர இவ்வளவு நாளாகிவிட்டது என்றாள். தையல்காரம்மாவின் மகள்தான் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தாளாம்.

"அளவெடுங்கக்கா. இதுவரைக்கும் யார் யாரோ அளவுல போட்டுக்கிட்டிருந்தேன்."

தையல்காரம்மா அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு நாடாவை அவள் இடுப்பில் சுற்றினார். நாடா அவர் விரல்களுக்கிடையே இழுபட்டது, தளர்ந்தது, மறுபடியும் இழுபட்டது.

"இப்படி மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா எப்படிம்மா அளவெடுக்கிறது?" என்றார். சொன்னாரே தவிர, மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை. இரண்டு விரல் தளர்த்தியாகவே வைத்துக்கொண்டார்.