படமெடுக்கும் வண்டி

குறைமாதக் குழந்தைகள் வார்டில் எனெலேசி கண்ட வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பால் கொடு, துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டு, தூங்க வை. மகள் தலந்திரா பிழைத்ததே அதனால்தான். அப்படியிருக்க, பிள்ளைகளின் மூளையைப் படம் எடுக்க ஒரு எந்திரம் வந்து, அங்கேயும் பாலூட்டி, இறுகச் சுற்றி, காதை அடைத்து, தூங்கியபின் உள்ளே வைத்தால், தாய்க்காரி அதை வைத்தியம் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பாள்?

பக்கத்துக் கட்டில் ஃபைனெஸ் வேறு ஏற்றிவிட்டாள். "அரைவேக்காட்டுல இறக்கின ந்சீமாக் களிய மறுபடி அடுப்புல ஏத்துறதில்லையா? அதே கதைதான்டி. மிச்சத்த இது வேகவச்சுக் குடுக்கும்."

வார்டே சிரித்தது. ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கும் நர்ஸ் தியன்ஜானேயும் சிரித்தாள். கைநாட்டு வாங்கும்போது "படம் மட்டும்தான்" என்று அவள் மடமடவென்று ஒப்பித்தது உண்மைதான். ஆனால் இப்போது, "இல்லம்மா, இது வைத்தியம் இல்ல" என்று வாயைத் திறந்தாளா? திறந்தால் எத்தனை பேர் பிள்ளையைத் தருவார்கள்!

வீட்டுக்கு அனுப்பும்போது வார்டு சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னாள், மாதாமாதம் கைகால் பயிற்சி அறைக்குக் கொண்டுவா என்று. ஏரிக்கரை வீட்டிலிருந்து மினிபஸ் மாறி மாறி வரவேண்டும். காயவைத்த மீனை யார் பார்ப்பது? ஆராய்ச்சி வண்டியோ வீட்டு வாசலுக்கே வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போய், எந்திரத்தில் வைத்து எடுத்தபின் சோப்பும் சர்க்கரையும் கொடுத்து, திரும்ப வாசலிலேயே இறக்கிவிட்டது.

"அவ்வளவு பெரிய எந்திரமே பாக்குது. சும்மா கால நீட்டி மடக்குறதுக்குப் போய் எதுக்கு அலையுற?" என்றான் கணவன் ஹாரிசன்.

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பயிற்சி அறைப் பக்கமே போகவில்லை.

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கியது. முதுகில் வைத்துக் கட்டப் போனால் கால்கள் விரியவில்லை. கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. முதுகில் உட்காராத பிள்ளையை ஊர் எப்படிப் பார்க்கும்! எனெலேசி யாரிடமும் சொல்லவில்லை. வண்டி வரட்டும், வண்டி வரட்டும் என்று காத்திருந்தாள்.

கடைசித் தடவை வண்டி வந்தது. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, நர்ஸிடம் கெஞ்சினாள்.

"சிஸ்டர், இன்னிக்கு கொஞ்ச நேரம் கூடுதலா உள்ள வைங்க. கால் இன்னும் சரியாகல."

துணி சுற்றிக்கொண்டிருந்த தியன்ஜானேயின் கை அப்படியே நின்றது. "அம்மா, இது சரிபண்ற எந்திரம் இல்ல. படம்தான் எடுக்கும். அன்னிக்கே சொன்னேனே."

"அப்ப இத்தனை தடவையும்?"

"படம்தான்."

"சரி, அந்தப் படத்துல காலுக்கு என்னன்னு தெரிஞ்சுதா?"

நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் எல்லாப் பிள்ளைங்க படத்தையும் மொத்தமா வச்சுத்தான் பாப்பாங்க. அதான் விதிமுறை. இனிமே பொறக்கிற பிள்ளைங்களுக்கு நல்லதும்மா."

"உங்க விதிமுறையில இடி விழ! வைத்தியம்னு நம்பினது என் புத்திகெட்டத்தனம், போகட்டும். எடுத்த படத்த ஒருத்தராவது பாத்திருக்கக் கூடாதா?"

சுற்றிய துணியை உருவிப் போட்டுவிட்டு, பிள்ளையை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு வெளியேறினாள். "அம்மா, வண்டி நிக்குது" என்று டிரைவர் பின்னால் ஓடிவந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பயிற்சி அறையில் வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் அங்கிருந்த அம்மாள் தலந்திராவின் கால்களைப் பிடித்து மெல்லப் பிரித்துப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டது. அந்த அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"ரொம்ப இறுகிப்போச்சேம்மா. கைக்குழந்தையிலேயே கொண்டுவந்திருந்தா எவ்வளவோ பண்ணியிருக்கலாம். இவ்வளவு நாளா எங்கம்மா போயிருந்தீங்க?"

"இங்கதான்" என்றாள் எனெலேசி. "பக்கத்துக் கட்டடத்துல."