குடியால் வந்ததல்ல

கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டும் திருச்செல்வத்துக்குக் கணையத்தில் நீர்க்கட்டி இருப்பது, சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்தது. "குடிப்பீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த டாக்டர். ஆமாம் என்றதும், கணையம் வீங்கித் தங்கிய நீர்தான், குடியை விட்டால் வற்றிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திருச்செல்வம் அன்றே விட்டுவிட்டார். அவர் மனைவி தங்கமணிக்குத்தான் மனம் ஆறவில்லை. இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. கேட்பவர்களிடமெல்லாம், "குடிச்சு வாங்கிக்கிட்ட கட்டி," என்றாள். அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது கட்டி வற்றவில்லை, வளர்ந்திருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் தங்கமணியின் தங்கை வீட்டில் தங்கி, கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். படங்களை ஆராய்ந்த டாக்டர் விஷ்ணுப்ரியா இருவரையும் உள்ளே அழைத்தார்.

"அங்கிள், எப்பவாச்சும் தாங்க முடியாத வயித்துவலி வந்து வார்டுல படுத்திருக்கீங்களா?"

"ஒரு நாளும் இல்ல டாக்டர். எம்.சி. லீவு எடுத்ததே கிடையாது லா."

டாக்டர் திரையைத் திருப்பினார். கணையத்தின் வால்பக்கம் திராட்சைக் குலைபோல வெள்ளையாகக் கட்டி. அதிலிருந்து மெல்லிய கோடு ஒன்று நடுக்குழாயில் போய்ச் சேர்ந்தது.

"கணையம் வீங்கியிருந்தா அப்படி வலி வந்திருக்கும். இது வீக்கத்துல தங்கின தண்ணி இல்ல. குழாய்லேயே வளர்ந்து சளி மாதிரி சுரக்கிற கட்டி. உள்சுவர்ல சின்ன முடிச்சு தெரியுதா? ஊசில மருந்து ஏத்தினதும் அது பளிச்சுன்னு ஆகுது. அப்படின்னா அதுல ரத்தம் ஓடுது. புற்றா மாறத் தொடங்கியிருக்கலாம். ஆபரேஷன் பண்ணிடணும்."

திருச்செல்வம் திரைக்கு அருகே குனிந்தார்.

"அப்போ குடிச்சதால வரலையா டாக்டர்?"

"குடி கெடுதல்தான். ஆனா இது அதனால வந்ததுன்னு சொல்ல முடியாது."

திருச்செல்வம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். புற்று என்ற சொல் அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தங்கமணியால் அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும், "எல்லார்கிட்டயும் சொல்லிட்டேங்க," என்றாள்.

"இப்ப மாத்திச் சொல்லிடு. வா, பசிக்குது."

மூன்று வாரத்தில் அறுவை நடந்தது. ஐந்து மணிநேரம். தங்கமணி வெளியே உட்கார்ந்து ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். கேரி தீவிலிருக்கும் நாத்தனார் பவுனம்மாளைக் கடைசியாகத்தான் கூப்பிட்டாள். "அண்ணி, அவர் குடிச்சதால வந்தது இல்ல. நான்தான் தப்பா பேசிட்டேன்," என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுமுனையில் பவுனம்மாளும் அழுதாள்.

கணையத்தின் வாலும் அதை ஒட்டியிருந்த மண்ணீரலும் போயின. முடிச்சு புற்றாக மாறுவதற்கு முந்தைய கட்டத்தில் இருந்ததென்றும், சுவரைத் தாண்டவில்லை என்றும் பரிசோதனை முடிவு வந்தது. கணையம் குறைந்ததால் திருச்செல்வத்துக்குச் சர்க்கரை வந்துவிட்டது. அதனால் லோரியை விட்டு, கன்டெய்னர் யார்டிலேயே பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு மாறினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கப் போகிறார். மிச்சக் கணையத்தில் இதுவரை ஒன்றும் தென்படவில்லை.