விதைக்குக் கட்டிய துணி

உண்ணாமலைக்குக் கோபம் வந்தால் அண்ணாமலையாரையே ஒரு பிடி பிடித்துவிடுவாள், மனுஷர்கள் எம்மாத்திரம்? அப்பேர்ப்பட்டவளை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷம் ஓர் அவரைக்கொடி வாயடைக்க வைத்துவிட்டது.

கொடியும் லேசுப்பட்டதல்ல. பட்டை பட்டையான காய், விளிம்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கரை, உள்ளே வெள்ளை மூக்கு வைத்த கறுப்பு விதை. குழம்பில் போட்டால் பக்கத்து வீட்டுக்காரி கிண்ணத்தோடு வந்து நிற்பாள். விதை டவுனில் இருந்த பீபி ஜானுடையது. பீபி ஜானின் வீட்டுக்காரர் தகரப் பெட்டி செய்பவர். எப்போதோ பெட்டி வாங்கப் போன உண்ணாமலை, பெட்டியை விட்டுவிட்டுக் கொல்லையில் இருந்த அவரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று பிடித்தது சிநேகிதம். இவள் சுரை விதை கொடுத்தால் அவள் பீர்க்கன் விதை கொடுப்பாள். அந்த அவரையும் கைமாறிக் கைமாறி ஊரில் பாதிக் கொல்லைகளில் ஏறியது.

அதற்கு முந்தின வருஷம் ஐப்பசியில் மழை விட்டால்தானே! எல்லார் வீட்டுக் கொடியும் வேரழுகிப் போனது. பீபி ஜான் சாம்பல் போட்டு வைத்திருந்த பழைய விதையில் வண்டு விழுந்து, தேறியது ஒரு சிறங்கைதான். அதை அப்படியே கொண்டுவந்து உண்ணாமலையின் மடியில் போட்டாள்.

"உன்னுது மேட்டு மண்ணு. தண்ணி நிக்காது. நீதான் காப்பாத்தணும். இது போச்சுன்னா அவ்ளோதான், எங்கேயும் கெடைக்காது" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உண்ணாமலைக்கும்தான்.

அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையை ஒட்டியே உண்ணாமலையின் வீடு. ஆடி மாதம் ஊன்றினாள். பாதி முளைக்கவில்லை. முளைத்ததில் ஆடு மேய்ந்தது போக, மிச்சம் ஒரே ஒரு கொடி. அதைப் பந்தலில் ஏற்றி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டாள். கார்த்திகையில் முதல் கொத்து காய் பிடித்ததும் பழைய புடவைக் கரையைக் கிழித்து அதன் காம்பில் கட்டினாள். விதைக்கு விட்ட காய் என்பதற்கு அது அடையாளம். கட்டியிருந்தால் வீட்டில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

வீட்டில் யாரும் வைக்க மாட்டார்கள், சரி. ஊருக்கு யார் சொல்வது?

தீபத்தன்று பாதையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உண்ணாமலை தண்ணீருக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் வேணு கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டர். நாலு நாளாக ஸ்பெஷல் வண்டியில் நின்று கால் வீங்கி, வாசலில் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தான். ஒரு அம்மாள் பந்தலைப் பார்த்துக் கும்பிட்டு, "இது இன்னாங்க, கொழந்தைக்கு வேண்டிக்கினு கட்டுறதுங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இந்தப் புண்ணியவானும் தூக்கத்தில் தலையை ஆட்டி வைத்திருக்கிறான்.

குடத்தோடு உண்ணாமலை திரும்பிவந்தபோது பந்தல் முழுக்க மஞ்சள் துணி, சிவப்புத் துணி, ரிப்பன், கைக்குட்டை. ஒருத்தி குட்டித் தொட்டிலே கட்டியிருந்தாள்.

"இன்னாய்யா சொல்லித் தொலைச்ச?"

"நான் இன்னாத்த சொன்னேன்? அவங்களா கேட்டாங்க, அவங்களா கட்டிக்கினாங்க" என்றான் வேணு. பிறகு அவனுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வுடு, நம்ம வூட்டு அவரைக்கு வந்த யோகத்தப் பாரு! உண்டியல் ஒண்ணு வெக்கலாமா?"

"வாயில நல்லா வந்துடும் ஆமா" என்று குடத்தை இறக்கியவள், ஒரு மஞ்சள் துணியை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனாள். கை நின்றுவிட்டது. எந்த வயிறு எரிந்து கட்டியதோ! அவிழ்த்தால் பாவம் யாரைச் சேரும்?

மார்கழிப் பௌர்ணமிக்குத் துணி இன்னும் ஜாஸ்தியானது. காய்த்த கொத்திலெல்லாம் ஒரு முடிச்சு. குழம்புக்கு ஒரு காய் பறிக்க வழியில்லை. அது போகட்டும், காய் இல்லாமல் யாரும் செத்துவிடவில்லை. தை பிறந்ததும் காய்கள் பழுத்துக் காய ஆரம்பித்தன. காய்ந்த அவரையை உடனே பறித்து உரித்துச் சாம்பலில் போட வேண்டும். கொடியிலேயே விட்டால் வண்டு விழுந்துவிடும். அவள் தன் கையால் கட்டிய முதல் கொத்தின் மேலேயே நாலு பேர் துணி கட்டியிருந்தார்கள்.

பொங்கல் கழிந்து வந்த பீபி ஜான் பந்தலைப் பார்த்து, "யா அல்லா, இது இன்னா கூத்து?" என்று வாயில் கை வைத்தாள். சங்கதியைக் கேட்டதும் அவளுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. ஒரு காயை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதில் ஊசி குத்தினாற்போல ஓர் ஓட்டை.

"விழ ஆரம்பிச்சிடுச்சு உண்ணாமலை. இன்னும் எட்டு பத்து நாள் தாங்குமா?"

"நான் இன்னா பண்ணட்டும் பீபிம்மா? கையே வர்ல."

"உன் மனசுக்கு ஆகாதத நான் செய்யச் சொல்ல மாட்டேன்" என்றாள் பீபி ஜான். ஆனால் போகும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் உண்ணாமலைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

தைப் பௌர்ணமியன்று வெயில் தாழ்ந்த நேரம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி வந்து பந்தலடியில் நின்றாள். உண்ணாமலைக்கு முகம் தெரியும். கீழ்பென்னாத்தூர்க்காரி, பேர் சந்திரகலா. தீபத்திலிருந்து பௌர்ணமி தவறாமல் வருகிறவள். முதல் கொத்தில் கட்டியவர்களில் ஒருத்தி. உண்ணாமலை துணிந்துவிட்டாள்.

"யம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. விதைக்கு வுட்ட காயின்னு அடையாளத்துக்கு நான்தான் துணி கட்னேன். அத வெச்சு எல்லாரும்…"

"தெரியும்க்கா" என்றாள் சந்திரகலா.

"இன்னா தெரியும்?"

"எங்க வூட்லயும் விதைக்காய்க்கு இப்டித்தான் கட்டுவாங்க. பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சுமா கட்டின?"

சந்திரகலா தலையைக் குனிந்துகொண்டாள். "கல்யாணமாயி ஒம்போது வருஷமாச்சுக்கா. புள்ள இல்லாதவ தொட்டா மொளைக்காதுன்னு எங்க மாமியா என்னை விதையத் தொடவே வுடாது. களத்துல வேர்க்கடல ஆயறப்போ கூட விதைக்குன்னு எடுத்து வெச்சா என்னை எழுந்து போகச் சொல்லிடும். இங்க யாரும் ஒண்ணும் சொல்லல. விதைக்குன்னு வுட்டது ஒண்ணாவது என் பேர்ல இருக்கட்டுமேன்னு கட்டிட்டேன்."

உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகினாள். அந்த மாமியார் மட்டும் எதிரே இருந்திருந்தால் அன்றைக்கு நடந்திருப்பதே வேறு.

"இப்ப வண்டு விழுது சந்திரா" என்றாள். "பறிச்சா அத்தினி பேர் வேண்டுதலும் பாவமாயிடுமோன்னு பயமா கீது."

சந்திரகலா காயைப் புரட்டிப் பார்த்தாள். "எல்லாரும் இன்னாத்துக்கு வேண்டிக்கினாங்க? தழைக்கணும்னுதானேக்கா? பூச்சி தின்ன வுட்டாதான் பாவம். துணி கொடியிலயே இருக்கட்டும். காயை மட்டும் எடுங்க."

அட, இது ஏன் இத்தனை நாள் நமக்குத் தோன்றாமல் போயிற்று என்று உண்ணாமலை நெற்றியில் அடித்துக்கொண்டாள். உள்ளே ஓடி முறத்தை எடுத்துவந்து சந்திரகலாவின் கையில் கொடுத்தாள்.

"நீயே பறி."

"நானா? வேணாம்க்கா. நாளைக்கு மொளைக்கலன்னா…"

"மொளைக்கலன்னா என் தலையெழுத்து. என் வூட்டு விதைய யார் தொடணும்னு நான் சொல்றேன். பறிடி!"

அதட்டியது உண்ணாமலை, கண்ணைத் துடைத்துக்கொண்டதும் அவளேதான். சந்திரகலா முதல் காயை, முடிச்சு அவிழாமல் மெல்லக் கிள்ளி முறத்தில் வைத்தாள். நாலைந்து காய்க்குப் பிறகு கை வேகம் பிடித்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தார்கள். வண்டு தின்றதை ஒதுக்கினார்கள். மலை சுற்ற வந்த பெண்கள் தத்தம் துணியைத் தேடி நின்றபோது சந்திரகலாவே ஆளுக்கு இரண்டு விதை கொடுத்து, "ஆடியில ஊனுங்க, மறந்துடாதீங்க" என்றாள். அவர்கள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள்.

மனசு கேட்காமல் பீபி ஜானும் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்து இறங்கினாள். முறத்தில் கறுகறுவென்று விதை குவிந்திருப்பதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். உண்ணாமலை நடந்ததையெல்லாம் சொன்னாள். மாமியார் சங்கதியை மட்டும் காதோடு சொன்னாள்.

பீபி ஜான் விதையை அள்ளப்போன உண்ணாமலையின் கையைத் தட்டிவிட்டாள். சந்திரகலாவின் பக்கம் திரும்பி உட்கார்ந்து முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

"நீ போடும்மா" என்றாள். "உன் கையால போட்டா போதும்."

சந்திரகலா இரண்டு கையாலும் அள்ளிப் போட்டாள்.