குச்சியில் ஒரு கோணல் வெட்டு

பட்டாளத்து மேஸ்திரிக்கு எண்பத்தொன்று நடக்கிறது. பதினாலு வயதில் கொத்தனார் கரண்டி பிடித்தவர். நடுவில் ஆறு வருஷம் துப்பாக்கி பிடித்தார். திரும்பி வந்து மறுபடியும் கரண்டியையே பிடித்தார். பள்ளிக்கூடம், தபால் ஆபீஸ், பாலத்துக் கைப்பிடிச் சுவர், ஊரில் பாதி வீடுகள், எல்லாம் அவர் கை பட்டவை. மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கினார். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். "உனக்கென்னம்மா, கொடுத்து வெச்சவ" என்று ஊர்ப் பெண்கள் சொல்லும்போதெல்லாம் அவர் மனைவிக்கு வயிறு எரியும். அவ்வளவு நல்ல மனிதர் வருஷத்தில் மூன்று நாள் அவளுடையவர் இல்லையே!

அந்த மூன்று நாளும் தையல்காரிக்கு.

தையல்காரியின் புருஷன் மேஸ்திரியோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவன். அவன் திரும்பி வரவில்லை. அவன் பெட்டியை மேஸ்திரிதான் சுமந்து வந்து அவளிடம் கொடுத்தார். பெட்டியோடு விடாமல், தன் கல்யாணத்துக்குப் பிறகு பக்கத்து ஊரில் ஒரு வீடும் கட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து மழைக்கு முன்னால் போய் ஓடு மாற்றி, விரிசல் அடைத்து, வெள்ளையடித்துவிட்டு வருவார். செத்தவனுக்குச் செய்கிற கடமை என்றால் யார் வேண்டாம் என்றது? ஆனால் தையல்காரி வீட்டுக்கு முதல் வருஷமே பூச்சு வேலை முடிந்தது. மேஸ்திரி வீட்டுப் பின்சுவர் ஒன்பது வருஷம் செங்கல் தெரிய நின்றது. ஒருமுறை அவர் சட்டையில் அறுந்திருந்த பொத்தான் நீல நூலில் தைத்து வந்தது. அதைப் பிய்த்தெறிந்து வெள்ளை நூலில் தைத்த பிறகுதான் மனைவிக்குச் சோறு இறங்கியது.

போதாததற்குத் தையல்காரி நல்ல உயரம். இவளோ மேஸ்திரியின் நெஞ்சுக்குத்தான் வருவாள். "குள்ளி" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில், ஒற்றை அறை வாடகை வீட்டில், அவருடைய பட்டாளத்துப் பெட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து அதன்மேல் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து ஒரு குச்சியை அவள் பக்கத்தில் நிறுத்தினார். "அசையாம நில்லு." அவள் இடுப்பு உயரத்தில் குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு. கத்தி வழுக்கி, வெட்டு கோணலாக விழுந்தது.

"என்ன இது?"

"உன் உசரம் மறந்துடக் கூடாதுல்ல, குள்ளி."

குட்டை என்று குத்திக்காட்டுகிறார் என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை. அந்தக் குச்சி பிறகு அவருடைய வேலைக் குச்சியானது. அதில் வேறு வெட்டுகளும் சேர்ந்தன. அவள் அதைத் தொட்டதே இல்லை.

இந்த வருஷம் மேஸ்திரிக்கு முட்டி மடங்கவில்லை. அடுப்படிச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று தையல்காரி ஆள் சொல்லி அனுப்பினாள். கேட்டதும் கட்டிலிலிருந்து எழப் பார்த்தார்.

"படுங்க. நான் போய்ப் பாக்குறேன்."

"சுவரப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தட்டிப் பாக்கத் தெரியும். நாப்பத்தேழு வருஷமா உங்களத் தட்டிப் பாக்கலையா?"

மேஸ்திரி சிரித்தார். "அப்ப குச்சிய எடுத்துட்டுப் போ. தரையிலிருந்து ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு குறிச்சுட்டு வா."

அவள் போனது ஈரத்தைப் பார்க்க அல்ல. மேஸ்திரி உயிரோடு இருக்கும்போதே ஒன்று தெரிந்தாக வேண்டும்: அவர் மனசில் தையல்காரி யார், தான் யார்.

"வாங்க அண்ணி! இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் தையல்காரி. அந்த நெட்டை உடம்பு இப்போது குடைக் கைப்பிடி மாதிரி வளைந்திருந்தது. மேஸ்திரி மனைவிக்குள் சின்னதாக ஒரு திருப்தி. உடனே வெட்கமும் வந்தது. ஆனாலும் திருப்தி போகவில்லை.

தையல்காரி டீ போட எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நீ உக்காரும்மா, நான் போடறேன்" என்று இவள் அடுப்படிக்குள் நுழைந்தாள்.

நுழைந்தவள் அப்படியே நின்றாள். தீப்பெட்டி மாடம் இடது கைப்பக்கம், ஜன்னல் வலது கைப்பக்கம். மேடையில் பாத்திரத்தை வைத்தால் தோள் தூக்கவில்லை, முதுகு குனியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சமைக்கலாம். தன் வீட்டு அடுப்படியேதான்! எனக்குக் கட்டினதையே இவளுக்கும் கட்டியிருக்காரு. ஒரே சேலையை ரெண்டு பேருக்கு எடுத்த மாதிரி! பால் பொங்கி வழிந்தது. அவளுக்கு அதற்கு முன்னாலேயே பொங்கியிருந்தது.

"உங்களுக்கு அந்த மேடை சரியா இருக்கா அண்ணி?" வாசற்படியிலிருந்து தையல்காரி கேட்டாள். "எனக்குத் தொடைக்குத்தான் வரும். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே விட்டுப்போச்சு. ரெண்டு வரி செங்கல் ஏத்துங்கண்ணேன்னு அப்பவே சண்டை போட்டேன். குச்சியக் காட்டி, 'அடுப்பு மேடைன்னா இதுதாம்மா உசரம்'னுட்டாரு. உங்க வீட்டுக்காரர் கட்டின எல்லா வீட்லயும் இதே கூத்துதான். அண்ணன்கிட்ட யாரு வாயக் குடுக்கறது?"

மேஸ்திரி மனைவி குச்சியைத் தரையில் ஊன்றி மேடையோரம் நிறுத்தினாள். மேடை வந்து நின்ற இடத்தில் அந்தக் கோணல் வெட்டு. அதைத் தன் இடுப்பருகே வைத்துப் பார்த்தாள். வயதானதில் அவள் இரண்டு விரல் உயரம் குறைந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடு திரும்பியதும் மேஸ்திரி கேட்டார், "ஈரம் எவ்வளவு?"

"ஒரு சாண். வெளிக்குழாய் ஒழுகுது. உங்க சுவர் மேல குத்தமில்ல. மேடை மேலதான் குத்தம்." குச்சியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இந்த வெட்ட வெச்சா ஊருக்கெல்லாம் கட்டினீங்க?"

அவர் வெட்டைக் கட்டைவிரலால் தடவினார். "நீ அன்னிக்கு வெங்காயம் நறுக்கின. கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா தோள் தூக்காம கை மட்டும் ஓடிச்சு. இதுதான் சரியான உசரம்னு பட்டுச்சு."

"கிண்டல் பண்றீங்கன்னு நான் ரெண்டு நாள் பேசாம இருந்தேன்."

"பேசாம இருந்தியா? எனக்குத் தெரியவே இல்லையே!"

"நெட்டை குட்டை பாக்க வேணாமா? எல்லாரும் என் உசரமா?"

"பின்ன? ஊர்ப் பொம்பளைங்கள ஒவ்வொருத்தியா நிக்க வெச்சு இடுப்ப அளக்கச் சொல்றியா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; சிரிப்பு வந்துவிட்டது.

"எத்தனை வீடு?"

"யாரு எண்ணினா? நூறுக்கு மேல இருக்கும்."

நூறு அடுப்படி. ஒவ்வொன்றிலும் எவளோ ஒருத்தி, இவளுக்கென்று வெட்டிய அளவில் நின்று வெங்காயம் நறுக்குகிறாள். நெஞ்சு குளிர்ந்த அதே இடத்தில் சுருக்கென்று குத்தியது. எழுந்து குச்சியைத் தன் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"பெரியவனை நாளைக்கு அங்க அனுப்புங்க. குழாய அடைச்சுட்டு, மேடையையும் ரெண்டு வரி ஏத்திட்டு வரட்டும்."

"ஏன், பாத்ததும் பாவமாயிடுச்சா?"

"பாவமாவது ஒண்ணாவது! என் உசரத்துல நின்னு அவ எதுக்குச் சமைக்கணும்?"