இஞ்சுக்கு வேர்

எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான், பொங்கி வழிந்ததைத் துடைத்தான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டிக்கொண்டான். உடம்பில் தொளதொளத்தது. கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனான்.

வேலை அகராதி அலுவலகத்தில். சொற்களுக்கு வேர் தேடுவது. அன்று மேசையில் இருந்த சொல் ‘இஞ்ச்’. லத்தீனில் ‘ஊன்கியா’. ‘ஒன்று’ என்பதிலிருந்து பிறந்து, பன்னிரண்டில் ஒரு பங்கைக் குறித்தது. அவுன்சும் அதே வயிற்றுப் பிள்ளைதான்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். “ஏதோ ராஜாவோட கட்டைவிரல்தான் இஞ்ச்னு சொல்வாங்களே, அதையும் போடேன்.”

“ஆதாரம் இருக்கா சார்?”

“இல்ல. ஆனா அழகா இருக்கே.”

“அழகா இருந்தா வேராயிடுமா? ராஜா செத்தா இஞ்சும் செத்துடுமா?”

“சரியான மரக்கட்டைப்பா நீ” என்று சிரித்தவர், இவன் வீட்டில் இழவு விழுந்தது நினைவுக்கு வந்து சிரிப்பை விழுங்கினார்.

சாயங்காலம் வாசலில் மாமியார் நின்றிருந்தாள். இவனைக் கட்டிக்கொண்டதற்காகப் பெண்ணைத் தலைமுழுகியவள். அந்தப் பெண்ணை அறுவைச் சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள், உயிரோடு திரும்பவில்லை. தாய்க்குச் சேதி போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

“மாப்ளே, கடைசியா நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க. என்னைக் கேட்டாளா?”

‘அம்மா’ என்று ஒரு சொல்லை எடுத்துப் போட்டால் போதும். அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டிவிடுவாள். அழகாகவும் இருக்கும். ஆதாரம்தான் இல்லை.

“இல்ல அத்தை.”

“ஒரு வார்த்தைகூடவா?”

“என் சட்டையப் பத்திதான் பேசினா. அவ தைச்சது. இதோ, இதுதான்.”

சொல்லிவிட்டான். தொழில் பழக்கமா, வஞ்சமா என்று அவனுக்கே விளங்கவில்லை. மாமியார் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சட்டையப் பத்தி என்ன சொன்னா? அதையாவது சொல்லுங்க. அவ சொன்னபடியே சொல்லுங்க.”

சொன்னபடியே சொன்னான்.

“பக்கத் தையல்ல உள்ள ஒரு இஞ்ச் விட்டிருக்கேன். நீ பெருத்தா பிரிச்சுக்கலாம்.”