ஐசக் ஐயாவின் தரைப் படுக்கை

முதலாளி ராஜகோபால் சாருக்கு நான் ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய் தர வேண்டியிருந்தது. அதனால்தான் பழைய வேட்டியைக் கிழித்து அவர் என் கையில் கொடுத்தபோது உடனே வாய் திறக்கவில்லை.

"ஐசக் ஐயாவோட ரெண்டு கையையும் கட்டிலோட கட்டிடு வேலு. நாளைக்கு அவர் பொண்ணு வருது. இன்னொரு தடவை விழுந்தார்னா ஹோமை இழுத்து மூட வேண்டியதுதான்."

தாம்பரத்தில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் முதியோர் இல்லம். ஐசக் ஐயா முப்பது வருஷம் தண்டவாளம் பார்த்த கேங்மேன். ரயில் ஊதினால் டூட்டி என்று எழுந்துவிடுவார். முந்தின நாள் கட்டில் கம்பியைத் தாண்டி இறங்கப் போய் விழுந்து, நெற்றி வீங்கியிருந்தது.

நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி ஓட்டி, இடுப்பு போனபின் இந்த வேலைக்கு வந்தவன்.

"மூட்டையக் கட்டிக்கீறேன் சார். மனுசனைக் கட்டனதில்ல."

"அப்போ பாக்கிய வச்சிட்டுக் கெளம்பு."

"வுழாம நான் பாத்துக்கறேன். வுழுந்தா என் மீன்பாடி வண்டிய வித்து பாக்கிய வச்சிட்டுப் போயிடறேன்."

அவர் முறைத்துவிட்டுப் போனார். கையில் துணியோடு நான் நிற்பதைப் பார்த்து ஐசக் ஐயா சிரித்தார்.

"இன்னாடா, என்னை பார்சல் பண்ணப் போறியா?"

"நீ ஏன்யா இம்மாம் உயரத்துலேர்ந்து குதிக்கற?"

"எவன் ஏத்தி வச்சான்? ட்ராக் ஓரத்துல துண்டு விரிச்சுத் தூங்கனவன் நானு. கீழ போடு."

மெத்தையை இறக்கிச் சுவரோரம் போட்டேன். பிடித்து எழ வசதியாகக் கனமான மர பெஞ்சை இழுத்துச் சுவரோடு நிறுத்தினேன். பக்கத்திலேயே நானும் பாய் விரித்துக்கொண்டேன்.

மறுநாள் ஐயாவின் மகள் ஜெரூஷா அம்மா வந்தார். பள்ளிக்கூட டீச்சர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"கட்டிலுக்குத்தானே பணம் கட்டறேன்? எங்கப்பாவ இப்படித் தரையில போட்டிருக்கீங்க?"

ராஜகோபால் சார் என்னைக் கை காட்டினார். "இவன் வேலைதான் மேடம்."

அந்த நேரம் பார்த்து ரயில் ஊதியது. ஐயா கண் விழித்தார். அந்தம்மா பதறி ஓடி வர, "தொடாதீங்கம்மா" என்றேன். கை இரண்டையும் நீட்டி, தொடாமல் நின்றேன். ஐயா புரண்டு படுத்தார். முட்டி போட்டார். பெஞ்சைப் பிடித்தார். தம் கட்டி எழுந்து நின்றார்.

"டூட்டிக்கு நேரமாச்சு" என்று சொன்னவர் மகளைப் பார்த்தார். "சாப்ட்டியாம்மா?"

ஜெரூஷா அம்மா அவர் மணிக்கட்டைத் திருப்பித் தடவினார். கருத்த கயிற்றுத் தடம் அங்கே இருந்தது. எங்களிடம் வருவதற்கு முன் இருந்த இல்லத்தில் கட்டி வைத்த தடம்.

"இங்க கட்டலையா?"

"இல்லம்மா."

அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு ராஜகோபால் சாரிடம் சொன்னார்: "கட்டில் வேணாம் சார். அப்பா இப்படியே இருக்கட்டும்."

இப்போது எங்கள் இல்லத்தில் ஏழு பேருக்குத் தரைப் படுக்கை. யார் கையையும் கட்டுவதில்லை. விசாரிக்க வருகிறவர்களிடம் ராஜகோபால் சாரே அதைச் சொல்லிக்கொள்கிறார். சொல்லட்டும். பெஞ்சு இழுத்துப் போட்டது யார் என்று எனக்குத் தெரியும்.

என் பாக்கியை மாதம் ஆயிரமாகச் சம்பளத்தில் பிடித்து, போன மாதம் நானூறு மட்டும் மிச்சம் நின்றது.

"அத விட்டுடு வேலு."

"புடிச்சிக்க சார். பாக்கி இருந்தா வாய் தொறக்க முடியாது. நாளைக்கும் உன்னாண்ட எதுனா பேச வேண்டி வரும்."

சிரித்துக்கொண்டே அவர் நானூறைப் பிடித்துக்கொண்டு மீதிச் சம்பளத்தைக் கொடுத்தார்.